பூனை இல்லாத தெரு

மூன்றாம் குறுக்குத் தெருவில் இனிப் பூனை கிடையாது என்று அறிக்கை போன பதினான்காம் நாள் பிற்பகல், அந்த அறிக்கையை எழுதிய செயலாளர் அம்பலவாணனின் வீட்டுப் பரணில் ஏதோ ஒன்று எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

கத்தியிருந்தால் பாதகமில்லை. கத்துகிற பூனையைப் பக்கத்துத் தெருப் பூனை என்று சொல்லிவிடலாம். இது உப்புத்தாளை ஈர மரத்தில் பைய இழுப்பதுபோல் ஒரு சொரசொரப்பு. ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி அதே நீளத்தில், அதே பொறுமையில், எந்த அவசரமும் இல்லாமல் இன்னொரு சொரசொரப்பு. வரவேற்புரையைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ‘மாநகரின் முதல் பூனையில்லாத் தெரு’ என்ற இடத்தில் நிறுத்தினார். சொரசொரப்பும் நின்றது. அவர் தொடர்ந்தார். அதுவும் தொடர்ந்தது.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று முடிவு செய்தார்.

அவர் ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். முப்பத்தொரு வருடப் பணியில் கற்றது ஒன்றுதான்: எழுதியது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே வயலைத் தூர்த்து மனை போட்ட அந்தத் தெருவில் இருந்தது ஏழே வீடு. ஏழு வீட்டுக்கும் ஒரு நலச் சங்கம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர், செய்தித் தொடர்பாளர் என்று ஏழு பதவிகள். சாதாரண உறுப்பினர் என்று யாரும் அங்கே கிடையாது.

பூனைகள்தான் எண்ணிக்கையில் சங்கத்தைத் தாண்டிவிட்டன. கார் உறைமேல் குட்டி போட்டன. கோலத்தின் நடுவில் கழிந்தன. தலைவர் வடிவம்மாள் கொடியேற்றிய குடியரசு தினத்தன்று கொடிக்கம்பத்தின் அடியிலேயே இரண்டு சண்டை போட்டு, தேசிய கீதத்தை யாரும் கேட்க முடியாமல் செய்தன. கொல்லலாமா என்ற பேச்சே எழவில்லை. பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தங்கம் விற்கிற விலையும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ‘கொல்லாமை நமது நெறியாதலால், பிடிபடும் பூனைகளைத் தாமிரபரணியின் அக்கரையில் விடுவது’ என்று அம்பலவாணன் தீர்மானம் எழுதினார். ஆற்றைத் தாண்டிய பூனை திரும்பாது என்பது அவர் தாத்தா காலத்து நம்பிக்கை. தீர்மானத்தில் ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று சேர்த்துக்கொண்டார்.

பிடிக்க வந்தவர் தொம்மை. கடற்கரைக்காரர், வலை வீசுகிற கை. பழைய மீன்வலையும் ஒரு பொட்டலம் கருவாடும் கொண்டுவந்தார். சைவத் தெருவின் குறிப்பேட்டில் கருவாடு என்ற சொல் வரலாகாது என்பதால் ‘உலர் இரை’ என்று எழுதப்பட்டது. உலர் இரை நன்றாகவே வேலை செய்தது. பதினோரு பூனைகள் ஒரு வாரத்தில் அக்கரைக்குப் போயின.

கடைசியாக அம்பலவாணன் வீட்டுக் கார் கொட்டகையில், பழைய டயருக்குள், ஐந்து குட்டிகள். கண் திறக்காதவை. தாய் சுற்றுச்சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். கருவாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்பலவாணனை மட்டும் பார்த்தது.

“அய்யா, தாய் சிக்க மாட்டேங்கு” என்றார் தொம்மை. “குட்டிக்கு இன்னும் கண்ணு தொறக்கல. ஒரு பத்து நாள் போட்டும். தாயோட சேத்துத் தூக்கிருவோம்.”

“மாநகராட்சி ஆணையர் விழாவுக்குத் தேதி கொடுத்தாச்சு வே. அறிக்கை இன்னைக்கே போகணும். குட்டியக் கொண்டு போவும். தாய் பின்னாலயே வரும்.”

ஐந்தும் சாக்குக்குள் போயின. தாய் பின்னால் போகவில்லை. சுவரிலேயே இருந்தது. அன்று இரவுக்குப் பின் அது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் காலை தொம்மை வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

“அய்யா, பாபநாசம் அணையில தண்ணி தொறந்துட்டான் போல. அக்கரைக்குப் போற தரைப்பாலம் முங்கிக் கெடந்துச்சு. சாக்க இக்கரையில படித்துறைக் கல்லு மேலயே வச்சுட்டு வந்தேன், விடிஞ்சதும் கொண்டு போவம்னு. விடிஞ்சு பாத்தா...” அவர் கையால் தன் நெஞ்சுயரத்தைக் காட்டினார். “கல்லே தெரியல.”

அம்பலவாணன் வாசலுக்கு இரு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நீரு அக்கரையிலதான் விட்டீரு. அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

“இல்லய்யா, நான்...”

“அப்பிடித்தான் எழுதியிருக்கு வே.”

‘தாய் ஒன்று, குட்டி ஐந்து, அக்கரையில் பத்திரமாக விடப்பட்டன.’ கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. தொம்மை அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

இன்று மாலை ஆறு மணிக்கு விழா. தெருமுனையில் பந்தல். ஆணையர் கையால் சான்றிதழ்.

சொரசொரப்பு மறுபடி கேட்டது. அம்பலவாணன் உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளறைக் கதவை லேசாகத் தள்ளினார். மகள் சித்ரலேகா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்திக்கு முப்பத்தைந்து நாள். பிறந்த நாளிலிருந்து தொண்டை கிழிய அழுத குழந்தை. இரண்டு நாளாக அழுவதே இல்லை. மனைவி சங்கரி வேண்டுதலை நிறைவேற்றக் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் போய்த் தங்கியதன் பலன் என்று அவர் நினைத்திருந்தார். உரை மனப்பாடம் ஆனதே அந்த அமைதியில்தான்.

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. வசம்பு வாசனை, பால் வாசனை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று: ஐப்பசி மழைக்குப் பின் படித்துறையில் அடிக்கிற பாசி வாசனை. சித்ரலேகா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் துவாலைச் சுருள்.

“எப்பா, பைய” என்றாள். “இப்பதான் கெடக்கா.”

“பரண்ல ஏதும் சத்தம் கேக்காம்மா?”

“ஒங்க சங்கத்துப் பூனையா?” அவள் சிரித்தாள். களைத்த சிரிப்பு. “பூனைதான் இல்லேன்னு போர்டு மாட்டிட்டியளே. அப்பறம் எப்பிடிக் கேக்கும்?”

அவரும் சிரித்து வைத்தார். கதவைச் சாத்தினார்.

பந்தலில் தலைவர் வடிவம்மாள், பதினெட்டு வருடம் தலைமையாசிரியையாக இருந்த அதே குரலில், நாற்காலிக்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் வீடு தெருவின் முதல் வீடு. அம்பலவாணன் மாலைகளை எண்ணுவதுபோல் பக்கத்தில் போய் நின்றார்.

“டீச்சர், ஒங்க வீட்டுப் பரண்ல... எலி ஏதும் உண்டுமா?”

வடிவம்மாளின் கை மாலைமேல் நின்றது. 

“எலி இல்ல” என்றார்.

“அப்போ?”

“நீரு எதுக்குக் கேக்கீரு?”

“சும்மாதான்.”

“நானும் சும்மாதான் சொல்லுதேன். நீரு அறிக்கை அனுப்புன அன்னைக்கு ராத்திரி எங்க பரண்ல நக்குத சத்தம். ரெண்டு நாள். ஏறிப் பாத்தா, பேத்தியோட துணிப் பொம்மை. தலையெல்லாம் எச்சி. முடிய அப்பிடியே ஒரு பக்கமாச் சீவி வச்சிருக்கு. மூணாம் நாள் சத்தம் எங்க வீட்டுல இல்ல. ரெண்டாம் வீட்டுல.” அவர் குரலை இறக்கினார். “பூனை குட்டிய ஏழு வீடு காட்டாம விடாதுன்னு சொல்லுவாக. தெரியும்லா?”

“குட்டிதான் இல்லையே, டீச்சர்.”

“அதான் நானும் யோசிக்கேன். என்னத்தக் காட்டுது?”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா?”

“எப்பிடிய்யா சொல்ல? பூனை இல்லேன்னு முதல் கையெழுத்து நான்தான போட்டிருக்கேன்?”

அதற்குள் ஒலிபெருக்கிக்காரன் வந்துவிட்டதால் வடிவம்மாள் முகத்தில் தலைவர் திரும்பி வந்தார். அம்பலவாணன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். முதல் வீடு, இரண்டு நாள். இரண்டாம் வீடு, இரண்டு நாள். அவருடையது ஏழாவது. நேற்றும் இன்றும்.

ஆறாம் வீட்டு மகேஸ்வரன், இணைச் செயலாளர், ஆணையரின் படத்தைவிடத் தன் படம் சிறிதாக இருக்கிறதே என்று பதாகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை மேகம் கவிந்து, ஐந்தரைக்கே வெளிச்சம் மங்கியிருந்தது.

“மகேசு, ஒம்ம வீட்டு நாய்க்குட்டி சுகமா வே?”

மகேஸ்வரன் பதாகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பார்வை அதில் இல்லை.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. கேக்கேன்.”

“அண்ணாச்சி, இது நமக்குள்ள. குறிப்பேட்டுல ஏத்திராதிய.” பதாகைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். “நேத்துக் காலைல பரண்ல முனகல் சத்தம். ஏறிப் பாக்கேன், எங்க குட்டி அங்கன கெடக்கு. உசுரோட. மேலெல்லாம் நக்கி நக்கி, மழமழன்னு. ரெண்டு நாளா அங்கனதான் கெடந்திருக்கு.”

“தொலஞ்சு போச்சா? சொல்லவே இல்லையே.”

“தொலயலயே அண்ணாச்சி. அதான சொல்ல வாறேன்.” அவர் அம்பலவாணனின் முழங்கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது. “அந்த ரெண்டு நாளும் கூடைல ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு. போர்வைய மூடிட்டு. என் வீட்டுக்காரி பால் ஊத்தி வைப்பா, காலியாயிரும். நான்கூட ராத்திரி தடவிக் குடுத்தேன். நாய்க்குட்டின்னுதான் நெனச்சேன். என்ன இது, இப்பிடி ஈரமா இருக்கேன்னு நெனச்சேன். கண்ணு மட்டும் தொறக்கல. தூக்கம்னு நெனச்சேன்.”

“பெறகு?”

“பரண்லேருந்து குட்டிய எடுத்துட்டுக் கீழ வந்து பாத்தா, கூடைல ஒண்ணும் இல்ல. போர்வைக்கு அடியில ஆத்து மணல். ஒரு கை மணல்.”

மகேஸ்வரன் முழங்கையை விடவில்லை.

“ஒங்க வீட்டுல நாயெல்லாம் கெடையாதுல்லா அண்ணாச்சி? பொம்மையும் கெடையாது. அப்போ ஒண்ணும் பயமில்ல.” ஆறுதலாகத்தான் சொன்னார்.

அம்பலவாணன் நடந்தார். ஓடவில்லை. பந்தலில் ஆறு வீட்டாரும் இருந்தார்கள். வேட்டி மடித்துக் கட்டிய செயலாளர் விழா நேரத்தில் தன் வீட்டை நோக்கி ஓடினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் ஒன்றுதான் உண்டு, அந்தப் பதிலுக்கு எதிராக அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, எதையோ மறந்துவிட்டவர்போல் நெற்றியைத் தட்டி, ஏழாம் வீட்டுக்கு நடந்தார்.

வாசற்படி ஏறும்போது மின்சாரம் போயிற்று. தெருமுனையில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. பந்தல் மட்டும் பளிச்சென்று எரிந்தது. வீடு இருண்டு கிடந்தது. ஒலிபெருக்கியில் வடிவம்மாளின் குரல் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள், அவ்வளவு சத்தத்துக்குள்ளும், அவருக்குப் பரண் கேட்டது.

“சித்ரா?”

“உள்ளதான் இருக்கேம்ப்பா. விளக்கு வேண்டாம். கண்ணு கூசும் இவளுக்கு.”

உள்ளறை வாசலில் நின்றார். இருட்டில் அவள் வெள்ளை நைட்டி மட்டும் தெரிந்தது. மார்போடு அணைத்த சுருள். சப்புகிற சத்தம். சின்னச் சத்தம்தான், விடாத சத்தம்.

“பாப்பாவ ஒரு நிமிசம் இங்கன தா.”

“குடிச்சுட்டு இருக்காப்பா. நேத்துலேருந்து விடவே மாட்டேங்கா. அம்மா பாத்தா சந்தோசப்படுவா.” அவள் குரலில் பெருமை. “ஒண்ணுதான், மேலெல்லாம் ஒரே ஈரம். எத்தன துணி மாத்தினாலும் சொதசொதன்னு ஆயிருதா. வேத்து ஊத்துது போல.”

“கண்ணு தொறந்தாளா?”

“தூங்குதா. முழிச்சா அழுவா, தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

துவாலையை விலக்கச் சொல்ல வேண்டும். ஒரு சொல். அதைச் சொல்ல வாய் திறந்தார். விலக்கினால் அவள் பார்ப்பாள். பச்சை உடம்பு. இரண்டு நாளாகத் தன் நெஞ்சில் வைத்திருப்பது என்ன என்று பார்ப்பாள். ஒருவேளை குழந்தைதானோ. குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். ஆறு வீட்டிலும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வாயை மூடினார். முதலில் பரணைப் பார்க்க வேண்டும். பரணில் ஒன்றும் இல்லை என்றால் எங்கேயும் ஒன்றும் இல்லை.

ஏணியைச் சுவரில் சாத்தினார். முதல் படி. ஒலிபெருக்கி: “நமது தெருவின் சாதனை...” இரண்டாம் படி. பாசி வாசனை மேலேயிருந்து வரவில்லை. கீழேயிருந்து, அறையிலிருந்து வந்தது. மேலே வேறு வாசனை. வெதுவெதுப்பான, உலர்ந்த, பால் வாசனை. நான்காம் படி. தலை பரணின் விளிம்பைத் தாண்டியது. கைப்பேசி விளக்கைப் போட்டார்.

சங்கத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவில் அவருக்குப் பத்தமடைப் பட்டுப்பாய் ஒன்று பரிசளித்திருந்தார்கள். ஓரத்தில் ‘செயல்வீரர் அம்பலவாணன்’ என்று நெய்திருந்தது. தன் பெயர்மேல் யாரும் உட்காரலாகாது என்று அதைச் சுருட்டிப் பரணில் வைத்திருந்தார். அது இப்போது விரிந்திருந்தது. நடுவில் வட்டமாகக் குழிந்திருந்தது. சுற்றிலும் சாம்பல் நிற மயிர்.

குழியில் அவர் பேத்தி ஒருக்களித்துக் கிடந்தாள்.

உயிரோடு. வயிறு ஏறி இறங்கியது. உடம்பில் துணி இல்லை, அழுக்கும் இல்லை. கழுத்தின் பின்புறம் ரத்தமில்லாத நான்கு சிறிய பள்ளங்கள். வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை.

சொரசொரப்பு.

குழந்தையின் தலைமுடி, நெற்றியிலிருந்து பின்பக்கமாக, ஒரு கோடு அளவுக்கு ஈரமாகிப் படிந்தது. அங்கே எதுவும் இல்லை. விளக்கை அசைத்தார். பாய், மயிர், பேத்தி, பின்சுவர். எதுவும் இல்லை. ஒரு மூச்சு இடைவெளி. சொரசொரப்பு. இன்னொரு கோடு படிந்தது. குழந்தை சுகமாகக் கண்ணைச் சொருகினாள்.

கையை நீட்டினார்.

புறங்கையில் அது பட்டது. ஈரமாக, முள்ளாக, ஒரே ஒரு முறை. கடிக்கவில்லை. கீறவில்லை. எடுக்க வேண்டாம் என்பதுபோல், பைய, அவர் கையை ஓரமாகத் தள்ளியது.

அவர் இன்னொரு முறை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை. கை ஏணிக் கம்பைப் பிடித்துக்கொண்டது.

“அடுத்து,” என்றது ஒலிபெருக்கி, “இந்தத் தெருவைப் பூனையில்லாத் தெருவாக மாற்றிய செயல்வீரர், நமது செயலாளர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்.”

கைதட்டல்.

“எப்பா?” கீழே, ஏணியின் அடியில், சித்ரலேகாவின் குரல். அறையிலிருந்து வெளியே வந்திருந்தாள். “ஒங்களத்தான் கூப்பிடுதாக. மேல என்ன தேடுதிய?”

பரணில் உள்ளது அவளுடையது என்று சொன்னால், அவள் கையில் உள்ளது யாருடையது என்று சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரியும். அக்கரையில் பத்திரமாக விடப்பட்டது என்று எழுதியிருந்தார்.

சொரசொரப்பு. அவர் காதுக்குப் பக்கத்தில்.

“செயலாளர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக...”

“எப்பா, இங்க பாருங்களேன்.” அவள் சிரித்தாள். தோளில் சாய்த்த சுருளை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். துவாலையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுந்தது. மேலிருந்து கசிந்த வெளிச்சத்தில், சொட்டிய இடத்தில் மணல் தெரிந்தது. “ஒங்க கைல உள்ள வெளிச்சத்த இங்கன காட்டுங்க. முழிக்கப் போறா போல.”

அவர் காட்டவில்லை. கைப்பேசிதான் வழுக்கியது. ஏணிப் படியில் மோதி, விளக்கு மேல் பார்த்தபடி அவள் காலடியில் விழுந்தது.

சித்ரலேகாவின் தோளில், ஈரத் துவாலைக்குள், இரண்டு கண்கள் முதல்முறையாகத் திறந்தன.